ஆயிரத்து நூறு வரியும் இரண்டு முடிச்சும்

1

எங்கள் வீட்டில் யாருக்கும் பத்தி பிரித்து எழுதத் தெரியாது. என் தம்பி சேகர் கடிதம் எழுத உட்கார்ந்தால், 'அன்புள்ள அக்காவுக்கு' என்று தொடங்கி, அப்பாவுக்கு முழங்கால் வலி, சிவப்பு மாடு கன்று போட்டது, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை இந்த வருஷம் காய் பிடிக்கவில்லை, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டார் என்று புள்ளி, கமா எதுவும் இல்லாமல் போய்க்கொண்டே இருப்பான். நீல நிற ஏர் லெட்டரில் இடம் தீர்ந்த பிறகுதான் முக்கியமான சேதி அவனுக்கு ஞாபகம் வரும். அதை ஒட்டுகிற ஓரத்தில் பொடிப்பொடியாக எழுதுவான். அவசரத்தில் கிழித்துத் திறந்தால் அந்தச் சேதிதான் பாதி போய்விடும்.

நேற்றும் ஒன்று வந்தது. இப்போது நான் கெட்டிக்காரியாகிவிட்டேன், கெட்டில் ஆவியில் காட்டித்தான் பிரிக்கிறேன். ஓரத்தில் மூன்று வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். என் மகள் மலர் எட்டிப் பார்த்து, "வெங்காயமா?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த வரிகள் என்ன என்பதை நானும் கடைசியில்தான் சொல்வேன். அதே வீட்டுப் பெண்தானே நானும்.

2

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் பிறந்து, டவுனில் கணக்கில் பி.எஸ்ஸி. படித்து, கல்யாணமாகி இந்த வட இங்கிலாந்து ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு பஸ் டெப்போவில் வேலை. எனக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை. நான் கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிறேன் என்று வீட்டுக்கு எழுதியதும், அப்பா அடுத்த கடிதத்தில் 'கோபால் சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்' என்று எழுதச் சொல்லியிருந்தார். திருத்தினேன். அதற்கு அடுத்த கடிதத்தில், 'ஆனாலும் மேலதிகாரிக்கு மரியாதை கொடுத்து நடந்துகொள்' என்று வந்தது. விட்டுவிட்டேன்.

என் புரோகிராம் செய்கிற வேலை எளிமையானது. எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று தினமும் சீட்டு அச்சடித்துச் சமையற்கட்டுக்கு அனுப்ப வேண்டும். இவருக்கு உப்பு கம்மி, அவருக்குச் சர்க்கரை கூடாது, பல்லில்லாதவருக்குக் குழைய வேண்டும், நாளைக்கு ஆபரேஷன் என்றால் ஒன்றுமே கூடாது. இதற்கு நான் எழுதியது ஆயிரத்து நூறு வரி. நாலு வருஷமாக டாக்டர்கள் ஒவ்வொரு புது விதி சொல்லும்போதும் இருக்கிற இடத்தில் செருகிக்கொண்டே போனேன். அந்த மொழியில் நீளமான வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வசதி உண்டு. நான் வைக்கவில்லை. எழுநூறாவது வரியிலிருந்து இருநூறாவது வரிக்குப் போ, அங்கிருந்து தொள்ளாயிரத்துக்குத் தாவு என்று ஒரே ஓட்டம். சேகர் கடிதம் மாதிரியே.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் என்னைத் தவிர யாராலும் கை வைக்க முடியாது என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஏகப்பட்ட கர்வம். சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் சாக்ஸுக்கு மேல் செருப்புமாகப் போய், நான் பேசுவதை எல்லாரும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கிற இடத்தில், நானில்லாமல் எண்ணூறு பேருக்குச் சாப்பாடு போகாது என்பது சின்ன விஷயமா?

3

மாசி மாதம் சேகரின் கடிதம் வந்தது. மாடு, மல்லாட்டை, வரப்பு, எல்லாம் வழக்கம்போல. ஓரத்தில்: 'வைகாசியில் எனக்குக் கல்யாணம். பெண் பெயர் சுசீலா. முடிச்சுப் போட நீ வரணும். வராட்டி சித்தப்பா மகள் செல்வி போடுவாள் என்று அம்மா சொல்கிறாள். நீ வா அக்கா.'

எங்கள் பக்கம் தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்று பேர். சேகருக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்பில் தூக்கித் தூக்கி எனக்கு ஒரு பக்கம் கோணிப்போனது என்று அம்மா இன்னும் சொல்லுவாள். அந்த முடிச்சைச் செல்வி போடுவதா? செல்வி நல்ல பெண்தான். இருந்தாலும் வயிறு எரிந்தது.

லீவு ஃபாரத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'முடிச்சுப் போட' என்று எழுதிக் கொடுத்தேன். இங்கிலீஷில் முடிச்சுப் போடுவது என்றாலே கல்யாணம் செய்துகொள்வதுதான். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர்கள் இங்கிலீஷில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன், அவர்கள் பாஷையில் எனக்குக் கோபம்கூட வராது.

"கல்யாணம் யாருக்கு?"

"தம்பிக்குங்க."

"அப்ப முடிச்சை அவர் போட மாட்டாரா?"

"ஒண்ணுதாங்க போடுவாரு. மிச்சம் ரெண்டும் என்னுது."

அவர் யோசித்தார். "வேற யாராவது போடலாமா?"

"போடலாம். ஆனா போடக் கூடாது."

"அதேதான் எங்க கதையும்" என்றார் மனுஷர். "நீ அஞ்சு வாரம் போயிட்டா, நடுவுல ஒரு டாக்டர் ஒரு விதியை மாத்தினா, உன் புரோகிராமை யார் தொடுறது? டோரீனுக்குச் சொல்லிக் கொடு. அவங்க தனியா ஒரு மாத்தம் செஞ்சு காட்டட்டும். அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

நான் நாலு வருஷமாகப் பெருமையோடு கட்டிய கோட்டைக்குள் நானே மாட்டிக்கொண்டேன்.

4

டோரீன் எனக்குப் பக்கத்து மேசை. ஐம்பது வயது, கண்ணாடிக்குச் சங்கிலி, மணிக்கொரு டீ. பழக்கத்தில் தங்கமானவள், வாயில் மட்டும் வேப்பெண்ணெய்.

புரோகிராமை அச்சடித்தோம். மடிப்பு மடிப்பாக வருகிற தாள் அது. மேசையில் கொள்ளாமல் வராந்தாவில் தரையில் விரித்தோம். லிஃப்ட் வாசலிலிருந்து கேன்டீன் கதவு வரைக்கும் போனது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்தேன், டோரீன் பின்னால் வந்தாள். 'இங்கேயிருந்து அங்கே தாவும், அங்கேயிருந்து திரும்பி வரும்' என்று சொல்லிக்கொண்டே குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டிக்கொண்டு போனேன். பாதியில் மூச்சு வாங்க நின்று கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"தோ, வந்துட்டுது" என்றேன்.

சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் ஊர்ப் பொய். மலை சுற்றுகிற பாதையில் எங்கள் கிராமம் பாதி தாண்டித்தான் வரும். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் வரும்போது அப்பா பாதையோரம் வேகவைத்த மல்லாட்டை போட்டு உட்காருவார். கால் கொப்பளித்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: இன்னும் எவ்வளவு தூரம்? நாங்கள் எல்லாரும் சொல்வதும் ஒரே பதில்தான்: தோ, கிட்டதாங்க, வந்துட்டுது. உண்மையைச் சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள் என்று அப்பா சொல்லுவார். வேலை இன்னும் எவ்வளவு பாக்கி என்று மேலாளர் எப்போது கேட்டாலும் நான் நாலு வருஷமாக அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன்.

டோரீன் உட்கார்ந்தே விட்டாள், வராந்தாத் தரையில், ஐந்நூற்று எண்பதாவது வரியின் மேல். "எங்க இருக்கோம்னே தெரியலடி. நடக்கறதுல கஷ்டமில்ல. எதைத் தாண்டினோம், அடுத்து எது வரும்னு ஒரு பேராவது இருக்கணும் இல்ல?"

அது சுருக்கென்று பட்டது. தூரத்தில் பொய் சொன்னாலும் பாதையில் நாங்கள் பொய் சொன்னதில்லை. அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம் என்று வரிசையாக எட்டு இருக்கிறது. கூட்டத்தில் தவறிப்போனவர்கூட 'நிருதி தாண்டிட்டேன்' என்றால் போதும், தேடுகிறவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பேரில்லாமல் மலையைச் சுற்றச் சொன்னால் யாராவது வருவார்களா? அதைத்தான் நான் டோரீனுக்குச் செய்திருக்கிறேன்.

5

முதலில் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். ஐம்பது வரிக்கு ஒன்றாக இருபத்திரண்டு துண்டு போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் வைத்தேன். பிளவுஸ் துணி கிழிப்பதுபோல அளந்து கிழித்தேன், அவ்வளவுதான். உப்பு விஷயம் பாதி ஏழாவதிலும் மீதி எட்டாவதிலும் இருந்தது. டோரீன் பார்த்துவிட்டு, "முன்னாடி ஒரு இடியாப்பம் இருந்தது. இப்ப இருபத்திரண்டு இடியாப்பம்" என்றாள். அவள் சொன்னது அவர்கள் ஊர்ப் பலகாரம். நான் எழுதினால் அது இடியாப்பம்தான்.

மறுபடி ஆரம்பித்தேன். இப்போது நீளத்தைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தேன். ஒரு துண்டு ஒரே ஒரு வேலைதான் செய்ய வேண்டும். அது என்ன வேலை என்று பேரைப் பார்த்தாலே தெரிய வேண்டும். பேர் வைக்க வரவில்லை என்றால் அது இரண்டு வேலை என்று அர்த்தம், இன்னும் பிரி. கடைசியில், அந்தப் பேர்களை வரிசையாகக் கூப்பிடுகிற ஒன்பது வரிதான் மேலே மிஞ்சியது. வார்டு பட்டியலை எடு, டாக்டர் குறிப்பைப் படி, ஆகாததை நீக்கு, பதிலுக்குக் கொடு, இனிப்பைச் சேர், சீட்டை அச்சடி என்று அது பாட்டுக்குப் போகும். சமையற்கட்டுக்காரர் படித்தாலே புரியும். உப்பில் சந்தேகம் இருந்தால் உப்புக்குள் மட்டும் போனால் போதும்.

ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டோம். எத்தனை வெட்டினாலும் வெளியே வருகிற சீட்டு ஒரு எழுத்து மாறக் கூடாது. ஒவ்வொரு துண்டு பிரித்ததும் பழையதையும் புதியதையும் ஓட்டி, இரண்டு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்போம். எழுத்தின்மேல் எழுத்து உட்கார்ந்தால் டீ. உட்காராவிட்டால் கடைசி வெட்டுக்குத் திரும்பு. இந்த ஊரில் வெளிச்சம் கிடைப்பது அபூர்வம். அதனால் மூன்று வாரம் மதியத்தில் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டே கிடந்தோம்.

ஒரு நாள் ஒட்டவில்லை. இனிப்புச் சேர்க்கிற வேலையை இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன், எழுதியவளுக்கே மறந்துபோயிருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று சேர்த்தேன். பழைய சீட்டில் நாலாம் வார்டு கிழவர் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கஸ்டர்ட் இருந்தது, புதியதில் ஒன்றுதான். டோரீன் போய் அவரிடமே விசாரித்துவிட்டு வந்தாள். அவர் ஒரு வருஷமாக அந்த வார்டில் இருக்கிறாராம். 'மேலே யாருக்கோ என்மேல் பிரியம் என்று நினைத்தேன்' என்றாராம்.

"தப்பைத் திருத்திடலாமா?" என்று கேட்டேன்.

"இப்ப பிரிக்கற வேலை. திருத்தறது வேற வேலை. ரெண்டையும் ஒரே கையில செஞ்சுதான் நீ இப்படி ஆகிட்ட" என்றாள் டோரீன். கஸ்டர்ட் இரண்டாகவே இருந்தது.

வைகாசி நெருங்கிவிட்டது. செல்வி மஞ்சள் கயிறு வைத்துக்கொண்டு நிற்பதாகக் கனவெல்லாம் வந்தது. ஒரு திங்கட்கிழமை மேலாளர் புது விதி ஒன்றை டோரீனிடம் கொடுத்தார்: கோதுமை ஆகாதவர்களுக்குத் தனிச் சீட்டு. என்னை வாயைத் திறக்கக் கூடாது என்றார். டோரீன் ஒன்பது வரியையும் விரலால் தடவிக்கொண்டே வந்தாள், 'ஆகாததை நீக்கு' என்ற இடத்தில் விரல் நின்றது. அதற்குள் போனாள். சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிட்டாள். மேலாளர் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். கூடவே, இவ்வளவு சுலபமா என்று ஒரு சின்ன வருத்தமும் இருந்தது, மறைப்பானேன்.

6

கிடைத்த டிக்கெட் எங்களை மெட்ராஸில் இறக்கியது கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம். மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் மலரும் கிளம்பினோம். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பஸ்ஸுக்குச் செஞ்சியில் டயர் வெடித்தது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பத்தே முக்கால்.

ஒரு ஜட்காவைப் பிடித்து, "அடி அண்ணாமலை, காஞ்சி ரோட்ல சீக்கிரமா விடுங்க, தம்பி கல்யாணம்" என்றேன்.

வண்டிக்காரர் தலையை ஆட்டினார். "மத்த நாள்னா காஞ்சி ரோட்டுலயே விட்டுடலாம்மா. கல்யாணத்துக்குப் போறீங்க, மலையை இடமா சுத்தக் கூடாது. செங்கம் ரோட்ல வலமாதான் போகணும்."

"அது ஜாஸ்தி தூரமாச்சேங்க!"

"ஜாஸ்திதான். அதுக்கு இன்னா பண்றது?"

ஒன்பது வருஷம் வெளிநாட்டில் இருந்தவள், கம்ப்யூட்டர் படித்தவள், லேட்டாகிறது என்று மலையை இடமாகச் சுற்றிப்போய்த் தம்பி பெண்டாட்டிக்கு முடிச்சுப் போடுவேனா? சரி, வலமாகவே விடுங்கள் என்றேன்.

வெயில் கொளுத்தியது. மலர் முகம் சிவந்து என் தோளில் சாய்ந்திருந்தாள். எம லிங்கம் தாண்டியதும் கேட்டாள், நிருதி தாண்டியதும் கேட்டாள், இங்கிலீஷில்: இன்னும் எவ்வளவு தூரம்?

"தோ, வந்துட்டுது" என்றேன் இரண்டு தடவையும்.

வண்டிக்காரர் குதிரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரும்பினார். "நீ நம்ம ஊர்ப் பொண்ணா? பொட்டி, கொழந்தை பேச்சு எல்லாம் பாத்துட்டு கல்யாணத்துக்கு வந்த வெளியூருன்னு நெனைச்சேன். யாரு ஊட்டுப் பொண்ணும்மா நீ?"

சொன்னேன். "அட, மல்லாட்டைக்காரர் பொண்ணா!" என்று குதிரையை ஒரு தட்டுத் தட்டினார். இந்த ஒன்பது வருஷத்தில் நான் யார் என்று இரண்டாம் தடவை கேட்காமல் ஒருவர் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

பந்தலில் மேளம் வேகம் எடுத்துவிட்டது. வாசலில் வண்டி நிற்பதற்குள் குதித்தேன். சேகர் கையில் தாலி. சுசீலாவுக்குப் பின்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கத்தினாள். "அக்கா வந்துடுச்சு! யப்பா, நானு காலையிலேர்ந்து பயந்துகினு இருந்தேன், இந்தா, நீ வந்து நில்லு!" சேகர் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். அவன் கண்ணைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது. பஸ் புழுதியோடு, குளிக்காத உடம்போடு, கயிற்றைப் பிடித்தேன். அதற்கப்புறம் என் விரல் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. "போதும்டி, விடுடி!" என்று அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

7

ஐந்து வாரத்தில் ஆபீஸிலிருந்து ஒரு தந்திகூட வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டோரீன் அந்த இனிப்புத் தப்பைத் திருத்திவிட்டு, சொந்தமாக ஒரு புதுத் துண்டுகூட எழுதிச் சேர்த்திருந்தாள். பேர்: 'இரண்டாவது கஸ்டர்ட் கொடு'. ஒரே ஒரு கிழவருக்காக.

இப்போது நேற்று வந்த கடிதத்துக்கு வருகிறேன். ஆடிப் பெருக்குக்குத் தாலிக் கயிறு மாற்றுவார்கள். ஓரத்தில் சேகர் எழுதியிருந்த மூன்று வரி இதுதான்: 'நீ போட்ட முடிச்சு எத்தனைன்னு தெரியல, சுசீலாவும் அம்மாவும் ஒரு மணி நேரம் பார்த்தும் அவிழல. தாலிக் கயிற்றில் கத்தி வைக்கக் கூடாது. புதுக் கயிறு சாமி படத்தண்டை காத்திருக்கிறது, நீ எப்ப வர்ற?'

அம்மா ஈர மூட்டை முடிச்சையே அரை நிமிஷத்தில் பிரிப்பவள். இது பச்சைப் பொய், பாதையோரத்தில் மல்லாட்டை விற்றவர்கள் வீட்டுப் பொய். யாரும் வழியிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிற பொய்.

இன்று காலையில் டோரீனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்தாள். "உன்னைத் தவிர யாராலும் பிரிக்க முடியாத மாதிரி மறுபடியும் ஒண்ணு செஞ்சு வெச்சுட்டு வந்திருக்கியா? உனக்குப் புத்தியே வராதுடி" என்று திட்டிவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு லீவு ஃபாரத்தை என் முன்னால் போட்டாள்.

காரணம் என்ற கட்டத்தில் 'முடிச்சு அவிழ்க்க' என்று எழுதினேன்.